மயில் மூடியில் இறங்கிய சக்தி

இன்று சாயங்காலம் கொசுத் தொல்லை தாங்கவில்லை. சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கொசு. பினாங்கு ஜார்ஜ் டவுனில் பிறந்தவனுக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எப்போதும் உண்டு. அலமாரியிலிருந்து கொசுவர்த்திச் சுருள் ஒன்றை எடுத்து, தகர முள்ளில் செருகி, மயில் படம் போட்ட அந்த பிஸ்கட் டின் மூடியின்மேல் வைத்துக் கொளுத்தினேன். முதல் புகை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். மற்றவர்களுக்கு இறந்தவர்கள் மல்லிகை மணத்திலும் மழை பெய்த மண்ணிலும் திரும்பி வருகிறார்கள். நீ கொசுவர்த்தியில் வருகிறாய். குறைபட்டுக்கொள்ளாதே, நீயாகத் தேர்ந்தெடுத்த வாகனம்தான்.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். கேட்டால் கோபம் வரும். வரட்டும். நீ போனதிலிருந்து ஆறு மாதமாக நான் தனியாகக் கோபப்பட்டு அலுத்துவிட்டேன். துணைக்கு ஆள் தேவைப்படுகிறது. சேதி இதுதான்: நீ சாமியாகிவிட்டாய். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் முப்பத்தைந்து வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து, பாங்கு கேட்டதும் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டுத் தொழப் போன நீ, தர்காவில் கயிறு கட்டிக்கொண்ட உன் மைத்துனனிடம் ஒரு வாரம் பேசாமல் இருந்த நீ. ஊர் முழுவதற்கும் சாமி அல்ல, மலையில் நாம் உட்கார்ந்த கல்லின் அளவுக்குத்தான். ஆனாலும் சாமி சாமிதான்.

எப்படி ஆனாய் என்று முதலிலிருந்து சொல்கிறேன். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். சாட்சிகள் சொன்னதை ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. எத்தனையோ அப்பட்டமான பொய்களை மூன்று மொழிகளில் நேர்மையாகப் பெயர்த்திருக்கிறேன். அதனால்தான் நீ என்னைத் துபாஷி என்று கூப்பிட்டாய். கடைசிவரை வேறு பெயரில் கூப்பிடவில்லை.

உன் இதயத்தில் அறுவை செய்து, நெஞ்சைத் தைத்து அனுப்பியபோது, நடக்கச் சொன்னார் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தண்ணீர்மலைப் பக்கம், பூங்காவுக்குப் பின்னால் ஏறும் பாதையில் போவது என்று முடிவு செய்தோம். இளமையில் அதே பாதையில் உச்சிவரை ஓடி, யார் முதலில் என்று சண்டை போட்டிருக்கிறோம். முதல் ஞாயிறு, ஓடை குறுக்கே ஓடும் அந்த வளைவில் நீ நின்றாய். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, மரத்தைப் பார்ப்பதுபோல் நின்றாய்.

"இன்னும் கொஞ்சந்தான்டா. மேல போனா கடல் தெரியும்" என்றேன்.

"கடலை நான் பார்த்ததில்லையா? இங்கேயே உக்காரு லா துபாஷி. எடம் நல்லாருக்கு."

அந்த இடம் நல்ல இடமே அல்ல. கடல் தெரியாது. காற்று வராது. ஒரு தட்டைக் கல், அதன் மேல் சாய்ந்த ஒரு மரம், பக்கத்தில் ஓடை. ஓடை இருப்பதால் அந்த மலையிலுள்ள கொசுக்கள் எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. நீ சட்டைப்பையிலிருந்து வெற்றிலையை எடுத்து மடித்தபடி, உன் கடையில் லென்ஸ் மாற்றி மாற்றி வைத்துக் கேட்பதுபோலவே என்னைக் கேட்டாய்: "எது தெளிவா இருக்கு? மேல போறதா, இங்க உக்கார்றதா?"

"இதுதான்" என்றேன். உன் உதடு நீலம் பாரித்திருந்தது.

அடுத்த பதினொரு வருடமும் நாம் அந்தக் கல்லைத் தாண்டவில்லை. ஏன் தாண்டவில்லை என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இடம் நல்லாருக்கு என்பதே இருவருக்கும் போதுமானதாக இருந்தது. இரண்டாவது ஞாயிறே நீ கொசுவர்த்தியும், அதை வைக்க வீட்டு அடுப்படியிலிருந்து இந்த மயில் மூடியையும் கொண்டுவந்துவிட்டாய். அடிவாரத்துக் கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் பால் சேர்க்காத காப்பி-ஓ இரண்டு வாங்கி, ஆற வேண்டும் என்று மரத்தின் முறிந்த கிளையில் மாட்டுவோம். எனக்குச் சீனி போட்டது, உனக்குச் சீனி இல்லாதது. குடித்துவிட்டு, வெற்றிலை போட்டு, நீ கல்லில் மல்லாந்து தூங்குவாய். மதிய லுஹர் தொழுகைக்கு முன் எழுப்ப வேண்டியது என் பொறுப்பு. மூடியை மட்டும் கல்லிடுக்கில் செருகி வைத்துவிட்டு இறங்குவோம். அந்த இடத்தில் ஏதோ ஒரு பெரிய இருப்பு உண்டு என்று பின்னாளில் சிலர் சொன்னபோது நான் மறுக்கவில்லை. உண்டுதான். எண்பத்தைந்து கிலோ எடை. குறட்டை விடும்.

நீ மலையில் சாகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒரு புதன்கிழமை, தாதி இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போது போனாய். அன்றே அடக்கம். அந்த ஞாயிறு நான் தனியாக மலைக்குப் போனேன். கடைக்காரப் பெண் என்னைக் கண்டதும் கேட்காமலே இரண்டு பொட்டலம் கட்டிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் விளக்க வேண்டும். விளக்க வாய் வரவில்லை. இரண்டையும் கிளையில் மாட்டினேன். ஒன்றைக் குடித்தேன். உன்னுடையதைக் குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. அப்படியே தொங்க விட்டு, கொசுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போதே, உனக்கென்று வாங்கிய வெற்றிலைப் பொட்டலத்தைக் கல்லில் வைத்துவிட்டு இறங்கினேன். அடுத்த இரண்டு ஞாயிறும் அப்படியே. பிறகு மகளின் பிரசவத்துக்காக ஈப்போ போய் ஒன்றரை மாதம் இருக்க வேண்டியதாயிற்று.

ஈப்போவில் இருந்தபோதுதான் உன் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டாள். கணவன் போனபின் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்த காலம் அது.

"அண்ணே, இத்தா முடிஞ்சதும் எனக்கு ஒரு ஒதவி செய்யணும். அவுக ஞாயித்துக்கெழமை போயி உக்காருவாகளே, அந்த எடத்தை ஒரு தடவ காட்டணும்."

"ஏன் தங்கச்சி, அங்க ஒண்ணும் இல்லியே. கல்லுதான்."

"வீட்டுல அந்த மனுசன் அரை மணி நேரம் சேந்தாப்புல உக்காந்ததில்லண்ணே. அங்க மட்டும் எப்புடி உக்காந்தாகன்னு நான் பாக்கணும். நானும் ஒரு நேரம் உக்காந்துட்டு வரணும். அவ்வளவுதான்."

சரி என்றேன். அவளுக்கு நான் கொடுத்த ஒரே வாக்கு அது. கல் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஊருக்குத் திரும்பி மலையேறிப் பார்த்தால், கல்லுக்குப் பின்னால் மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. கீழே பெட்டி அளவில் ஒரு சிவப்பு மாடம். கிளையில் ஏழெட்டுக் காப்பிப் பொட்டலங்கள். மயில் மூடியைக் கழுவித் துடைத்து நடுவில் நிறுத்தி, அதற்கு முன்னால் வெற்றிலையும் சுருட்டும் சாம்பிராணியும் வைத்திருந்தார்கள். மாடத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருந்தவர், நாம் பாதையில் அடிக்கடி பார்த்துத் தலையாட்டும் அந்தச் சீனப் பெரியவர். நடைப்பயணிகளுக்கு மேலே கொட்டகையில் தேநீர் போட்டு வைப்பாரே, அவர்.

"டத்தோ வந்திருக்கார்" என்றார் மலாயில், குரலைத் தாழ்த்தி. பட்டம் வாங்கிய டத்தோ அல்ல. மலையிலும் மரத்தடியிலும் காவல் இருப்பதாக இங்கே சீனரும் தமிழரும் பேதமில்லாமல் நம்பும் பெரியவர். "காப்பியும் வெத்தலையும் புகையும் தானா வந்து இருந்துச்சு. ஒரு வாரம் இல்ல, மூணு வாரம். ரொம்ப நல்ல டத்தோ. ஆனா சீனி ஆகாது."

"அது எப்படித் தெரியும்?"

"முதல்ல இருந்த காப்பியில எறும்பே வரல. நான் சீனி போட்டு வச்சேன், எறும்பு மொய்ச்சிருச்சு. அப்பவே தெரிஞ்சிக்கிட்டேன்."

உன் சர்க்கரை வியாதியை உன் மருத்துவர்கூட இவ்வளவு சுத்தமாகக் கண்டுபிடித்ததில்லை. வைத்தவன் நான்தான் என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை. பெரியவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. இந்த ஊர் வழக்கப்படி காப்பி, வெற்றிலை, புகை மூன்றும் ஒரு மரத்தடியில் ஒன்றாக இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கண்ணால் பார்த்ததை வைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். யாரிடமும் எதையும் விற்கவில்லை. தன் கைக்காசில் உனக்குக் காப்பி வாங்கி வைத்தார். நீ இருந்தபோது நான் உனக்கு அத்தனை காப்பி வாங்கித் தந்ததில்லை.

என் கோபம் அடுத்து வந்தவர் மேல்.

கோலாலம்பூரிலிருந்து வந்தவர். மாஸ்டர் என்று கூப்பிட வேண்டும். வெள்ளைச் சட்டை, மரமணி மாலை, நாற்பது வயதுக்குள் இருக்கும். அதற்கு முன் அடுக்குமாடி வீடு விற்றுக்கொண்டிருந்தாராம். ஆட்களைக் கூட்டிப் போய் இடம் காட்டும் தொழிலை இன்னும் விடவில்லை. பின்னால் வெள்ளை உடுப்பில் பன்னிரண்டு பேர். இயற்கையில் மறைந்து கிடக்கும் சக்தி மையங்களை உள்ளுணர்வு ஒன்றையே வழிகாட்டியாகக் கொண்டு தேடிப் போவது அவர்கள் வேலை. ஒரு ஞாயிறு நான் கல்லில் உட்கார்ந்திருக்கும்போதே அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

"மேப் கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது சார்" என்றார் என்னிடம். "கண்ணை மூடி நிப்போம். கால் தானா போகும்."

கால் தானாகப் போன வழியை நான் கவனித்தேன். சிமெண்டுப் படி முடியும்வரை சிமெண்டுப் படியில் போயிற்று. கைப்பிடி இருந்த இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. சிவப்புத் துணி கண்ணில் பட்டதும் திரும்பியது. உள்ளுணர்வு அட்டைக்கடி உள்ள பக்கம் யாரையும் கூட்டிப் போவதில்லை என்பதும், கழிவறையிலிருந்து அரை மணி நடைக்கு அப்பால் சக்தி சுரப்பதில்லை என்பதும் அன்று நான் கற்றவை. கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற தொழில்நகரத்தில், லாரிகளுக்கும் புகைபோக்கிகளுக்கும் நடுவே, இதுவரை ஒரு சக்தி மையம்கூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. அங்கே வேலை செய்கிறவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை.

மாஸ்டர் மயில் மூடியைக் கண்டதும் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"மயில்! பாத்தீங்களா? இது சிம்பல். ஆதி காலத்துச் சித்தர்கள் இந்த எடத்தை மார்க் பண்ணி வச்சிருக்காங்க. இந்தக் கல்லு பேசுது."

ஆதி காலத்தில் தகரம் இருந்ததா, பிஸ்கட் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கூட்டத்தில் தமிழ் தெரியாத ஒரு சீனப் பெண்மணி இருந்தார். "அவர் என்ன சொல்கிறார்?" என்று என்னிடம் மலாயில் கேட்டார். பழக்க தோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இந்தக் கல் பேசுகிறது என்கிறார்."

"என்ன பேசுகிறது?"

அதைத் தமிழில் மாஸ்டரிடம் கேட்டேன். "அது அவங்கவங்க உள்ளுணர்வுக்குக் கேக்கும் சார்" என்றார்.

"உங்களுக்கே கேட்குமாம்" என்றேன் அம்மையாரிடம்.

அவர் சிறிது நேரம் கல்லையே பார்த்தார். "அப்படியானால் இவர் எதற்கு வந்தார்?" என்றார். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில் ஒரு சாட்சியின் கேள்வியை நான் விழுங்கியதே இல்லை. ஓய்வு பெற்றவனுக்கு அந்தச் சலுகை உண்டு என்று வைத்துக்கொள்.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். அடுத்த ஞாயிறு கல்லைச் சுற்றி நான்கு குச்சி நட்டு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. பதிவு செய்தவர்கள் மட்டும், செருப்பைக் கழற்றவும், கல்லின்மேல் அமர வேண்டாம் என்று பலகை. அரசாங்கக் காட்டில், பொதுப் பாதையில், பலகை! வனத்துறைக்குச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். வந்தால் மாடத்தையும் சேர்த்து இடித்துத்தான் போவார்கள். அந்தப் பெரியவர் என்ன பாவம் செய்தார்? அதனால் மாஸ்டரையே கேட்டேன். நானும் என் கூட்டாளியும் பதினொரு வருடம் உட்கார்ந்த கல் இது, என்றேன்.

"அதனாலதான் சார் இங்க எனர்ஜி பிளாக் ஆகியிருந்துச்சு. நாங்க இப்பத்தான் கிளியர் பண்ணோம். நெகட்டிவா பேசாதீங்க."

உனக்கு எத்தனையோ வசவுகள் கிடைத்திருக்கின்றன. கண்ணாடி சரியில்லை என்று வந்தவர்கள் உன்னைத் திட்டியதை நானே கேட்டிருக்கிறேன். செத்த பிறகு அடைப்பு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் இதயத்தில் மூன்று அடைப்பு இருந்தது உண்மை. அதை இவர் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கயிறு பெரிய விஷயமல்ல, அறுத்து எறியலாம். ஆனால் இத்தா முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. உன் மனைவி வந்து, தன் கணவன் உட்கார்ந்த இடத்தில் சாம்பிராணியும் மாடமும் சிவப்புத் துணியும் பார்த்தால் என்ன ஆவாள்? படையல் வைத்த இடத்தில் அவள் உட்கார மாட்டாள். உட்காராமல் திரும்பினால், இனி ஒருமுறை அவள் முழங்கால் அந்தப் படிகளை ஏறாது. அவள் கேட்டது ஒரே ஒரு நேரம். அதை நான் காப்பாற்றித் தருவேனா என்பதுதான் கேள்வி. பெரியவரிடம் மாடத்தை எடுக்கச் சொல்லவும் மனம் வரவில்லை. வேறு ஒரு கல்லைக் காட்டி இதுதான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். முப்பது வருடம் பொய்யைப் பெயர்த்தவனுக்குச் சொந்தமாக ஒரு பொய் சொல்ல வரவில்லை.

அவள் வந்தாள். பிறையில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் உன் மகன், காரில் பூங்கா வாசலில் இறக்கிவிட்டுக் கீழே காத்திருந்தான். நானும் அவளும் ஏறினோம். பத்துப் படிக்கு ஒரு முறை நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். எந்த இடம் என்று நான் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வது என்ற யோசனையிலேயே நடந்துகொண்டிருந்தேன். ஓடைச் சத்தம் கேட்டது. அவள் நின்றாள். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, எனக்கு மூச்சு வாங்குது. இதுக்கு மேல ஏலாது. இங்கனயே உக்காந்துருவமா?"

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமலிருக்கும் என் முப்பது வருடப் பயிற்சி அன்று எதற்கும் உதவவில்லை.

"இதுதானா?" என்றாள். பிறகு, மெதுவாக: "அவுகளுக்கும் இங்கதான் மூச்சு முட்டுச்சா?"

தலையாட்டினேன்.

"எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையேண்ணே. மலை உச்சிக்குப் போயிட்டு வந்தேன்னு சொல்லுவாக. கடல் நல்லா தெரிஞ்சுச்சுன்னு சொல்லுவாக."

நீ வீட்டில் சொன்ன கடலைப் பற்றி எனக்கு அப்போதுதான் தெரியும். பதினொரு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்காத கடலை அவளுக்கு வர்ணித்திருக்கிறாய். என்னிடம் இடம் நல்லாருக்கு, அவளிடம் கடல் நல்லாருக்கு. அந்த நேரம் உன்மேலும் கோபம் வந்தது. அதையும் இதில் சேர்த்துக்கொள்.

கயிற்றுக்குள் அன்றைய வெள்ளுடுப்புக்காரர்கள் கண்ணை மூடி நின்றிருந்தார்கள். அவள் நேராகக் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். மாஸ்டர் ஓடிவந்தார்.

"அம்மா, அம்மா, அது எனர்ஜி பாயிண்ட். பதிவு பண்ணாம உக்காந்தா உடம்பு தாங்காது."

"நான் நிக்கிறதுதான் தம்பி உடம்பு தாங்கல" என்று சொல்லிவிட்டு, கல்லில், சரியாக நீ உட்காரும் பக்கத்தில், உட்கார்ந்தாள். மாடத்தை அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். நான் பயந்த கணம் அது. அவள் பார்வை சிவப்புத் துணியில் நிற்கவில்லை, சாம்பிராணியில் நிற்கவில்லை. கையை நீட்டி மயில் மூடியை எடுத்தாள்.

"அட, இது என் வீட்டு மூடில்ல!"

"அம்மா, அதைத் தொடாதீங்க. அது சித்தர்கள் வச்ச சின்னம்."

"எந்தச் சித்தர்? நோன்புப் பெருநாளைக்கு எங்க அக்கா வாங்கிக் குடுத்த பிஸ்கட்டு டின்னு தம்பி இது. டின்னு அடுப்படியில இருக்கு. மூடியைக் காணோம்னு நான் வேலைக்காரிய எத்தன வருசம் ஏசியிருப்பேன்!" மூடியைத் திருப்பினாள். பின்புறம் கொசுவர்த்தி கருக்கிய வட்டம். மோந்து பார்த்தாள். அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். துடைத்ததில் எது எதற்கு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. வெள்ளுடுப்புக்காரர்கள் சிலர் இதையும் சக்தியின் வேலை என்று எண்ணி, கண்ணை மூடிக்கொண்டு புன்னகைத்தார்கள்.

சத்தம் கேட்டு மேலிருந்து சீனப் பெரியவர் சாம்பிராணிக் கட்டோடு இறங்கி வந்தார். அவள் அவரைப் பார்த்து எழுந்தாள். "அண்ணே, இவருதானே இதெல்லாம் வச்சது? அவருக்குச் சொல்லுங்க. மரியாதையாச் சொல்லுங்க. இங்க இருந்தது டத்தோ இல்ல, என் மாப்புள. மனுசன். அவுகளுக்கு இதெல்லாம் ஆகாது. அல்லாகிட்ட அவுகதான் பதில் சொல்லணும், பாவம்."

கூட்டாமல் குறைக்காமல் மலாயில் சொன்னேன். காப்பியை வைத்தது நான் என்பதையும் சொன்னேன்.

பெரியவர் சாம்பிராணிக் கட்டைக் கீழே வைத்தார். "எல்லா டத்தோவும் முன்னாடி மனுஷங்கதானே" என்றார். பிறகு உன் மனைவியைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பி, "வீட்டுக்காரங்க சொன்னா சரிதான்" என்றார். சிவப்புத் துணியை அவிழ்த்து நான்காக மடித்தார். பொட்டலங்களைக் கிளையிலிருந்து எடுத்தார். மாடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு சொல் வாதாடவில்லை. போகும்போது என்னிடம் மட்டும் கேட்டார்: "சீனி இல்லாம குடிப்பாருன்னு நான் சொன்னது சரிதானே?"

"சரிதான்" என்றேன். சந்தோஷமாகப் போனார்.

மாஸ்டர் போகவில்லை. இந்த அதிர்ச்சியால் மையத்துக்குச் சேதம் ஏற்பட்டிருக்கலாம் என்றும், பரிகாரத்துக்குத் தனிக் கட்டணம் என்றும் தன் ஆட்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார். உன் மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. கல்லில் உட்கார்ந்து ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது, ஓதுகிறாள் என்று தெரிந்தது. கொசு கடித்தது, தட்டிக்கொண்டாள். அப்படியே ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தாள்.

இறங்கும்போது சொன்னாள்: "இவ்வளவு கொசுவுல பதினோரு வருசம் உக்காந்துருக்கீகளேண்ணே. நீங்க மேல போயிருக்கலாம்ல? ஒங்களுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?"

நான் படியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தேன். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கீழே காரில் ஏறும் முன் மூடியை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள். "டின்னு என்கிட்டயே இருக்கட்டும். மூடிய நீங்க வச்சிக்கிங்க. ஞாயித்துக்கெழம தேவைப்படும்."

இப்போது கடைசிச் சேதி. போன வாரம் மாஸ்டரின் அறிவிப்பை யாரோ என் கைப்பேசிக்கு அனுப்பினார்கள். தண்ணீர்மலை மையத்திலிருந்த சக்தி, எதிர்மறைத் தலையீட்டின் காரணமாக வேறு பாறைக்கு இடம் பெயர்ந்துவிட்டதாம். உள்ளுணர்வு சொன்னதாம். போய்ப் பார்த்தேன். புதிய பாறை இன்னும் கீழே, பூங்காவை ஒட்டி இருக்கிறது. நிழல் உண்டு, கொசு இல்லை, கார் நிறுத்துமிடம் பக்கம், கழிவறை கண்ணுக்கெதிரே. சக்திக்கு வயதாகிவிட்டது போலிருக்கிறது. அதற்கும் படி ஏற முடியவில்லை. நம்முடைய கல்லைப் பற்றி ஒரே வரிதான்: அங்கே இனி ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லையாம். படித்ததும் மறுபடி கோபம் வந்தது. நீ சாமி என்றபோது வந்த கோபத்தைவிட, நீ இல்லை என்றபோது வந்தது பெரிது. எது தெளிவாக இருக்கிறது, இதுவா, இதுவா என்று நீ கேட்டால் என்ன சொல்வேன்? இரண்டும் மங்கல் என்பேன். நீ வேறு லென்ஸ் எடுத்துப் போடுவாய்.

நாளை ஞாயிறு. பைக்குள் மூடியையும் ஒரு சுருளையும் எடுத்து வைத்துவிட்டேன். கடைக்காரப் பெண்ணிடம் இனி ஒரு காப்பி போதும் என்று சொல்லியாகிவிட்டது. இரண்டில் எது என்று கேட்டாள். சீனி இல்லாதது என்றேன். கசக்கிறது, பழகிவிடும். குடித்த பையைக் கையோடு கீழே கொண்டுவந்துவிடுகிறேன். இன்னொரு டத்தோவை என்னால் சமாளிக்க முடியாது. ஓடைச் சத்தம் கேட்டதும் நின்றுவிடுகிறேன். கல்லில் என் பாதியில் மட்டும் உட்காருகிறேன். மேலே போனால் கடல் தெரியும். போகும் அளவுக்கு எனக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. போவதில்லை.